‘புதுப்பிப்பு ஏதுமில்லை’ – நம்பலாமா?

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் என்னும் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய கணிப்பொறி “புதுப்பிப்பு ஏதுமில்லை” என்று கூறினால் நம்பலாமா? நம்பலாகாது என்பதே என் கருத்து.

கணிப்பொறி, மென்பொருள்களின் பட்டியலொன்றை வழங்கியிலிருந்து அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்கிறது. தன்னிடமுள்ளவற்றை அப்பட்டியலோடுதான் ஒப்பிடுகிறது. பட்டியல் பழையதாயின் விடையும் பழையதே!

நாகரசம்பட்டி மாணவி ஒருத்தி மாலையில் மடிக்கணினியைத் திறக்கிறாள் என்று கொள்வோம். மின்கலம் நிறைந்திருப்பதால் மின் இணைப்புக் கொடுக்கவில்லை. இணையம் அப்பாவின் கைப்பேசியிலிருந்து வருகிறது. டெபியனில் பட்டியலை நாள்தோறும் புதுப்பிக்கும் பணி, மின்கலத்தில் இயங்கும்போது தொடங்காது. க்னோம் மேசைத்தளமோ, கைப்பேசி இணைப்பு செலவு மிக்கதெனக் கருதித் தானாக இறக்குவதைத் தவிர்க்கும். இரண்டும் நல்லெண்ண ஏற்பாடுகளே. ஆனால், “நான் பார்க்கவில்லை” என்று சொல்லாமல் வாளாவிருப்பது தவறு.

2014 ஏப்ரல் 7 அன்று ‘ஹார்ட்பிளீடு’ என்னும் குறை வெளியாயிற்று. கடவுச்சொற்களையும் கசியவிடக்கூடிய குறை அது. டெபியன் அன்றே திருத்தம் வெளியிட்டது. பழைய பட்டியலுடன் இருந்த கணிப்பொறிகளோ “ஏதுமில்லை” என்றுதான் காட்டியிருக்கும்.

கடைசியாகப் பட்டியல் பார்த்த நாளை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். சில நிரல்களில் அது உள்பக்கத்தில் உண்டு. யார் தேடிப் பார்க்கிறார்கள்? அதுவரை, வாரம் ஒருமுறை முனையத்தைத் திறந்து ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்ற கட்டளையை நீங்களே இடுங்கள். பட்டியல் வரிவரியாக இறங்குவதைக் கண்ணால் காணலாம்.