கைத்தொலைபேசியும் கன்னித்தமிழும்

நமது திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு எத்தேயத்துக் கப்பல் வரினும், அது தன் கொடிமரத்தில் ஏற்றும் குறிக்கொடிகளைக் கரையிலுள்ளோர் பிழையறப் படித்துக்கொள்வர். மஞ்சட்கொடி ஒன்று தனித்துப் பறந்தால், “கப்பலில் நோயில்லை, துறை புக இசைவு வேண்டும்” என்பது பொருள். மாலுமி சீனராயினும் கிரேக்கராயினும் அப்பொருள் மாறுவதில்லை. 1857 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த கொடிக்குறி ஏடு, காலந்தோறும் திருத்தம் பெற்று, இன்று உலகக் கப்பல்கள் யாவற்றுக்கும் பொதுவாய் விளங்குவதே அதற்குக் காரணம். ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஒரு கொடிவழக்கை வகுத்துக்கொண்டிருப்பின், துறைமுகம் எவ்வளவு அல்லற்பட்டிருக்கும்! கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நமது தமிழ் நெடுநாள் அத்தகைய அல்லலையே பட்டது. இன்றும் அதினின்று முற்றாக விடுபட்டிலது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது கற்பித்த சிற்றூர்ப் பாடசாலையொன்றிலிருந்து இளைப்பாறிய முதிய ஆசிரியர் ஒருவர் தமது இளமை நினைவுகளைச் சொல்லச் சொல்ல, அவற்றை நான் கணினியில் எழுதி வைத்தேன். பின்னர் அவர் காலமானார். சென்ற ஆண்டு, கடல் கடந்து வாழும் அவருடைய மகளார், தந்தையாரின் சொற்களைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமென்று கேட்டார். பழைய கோப்பைத் தேடியெடுத்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினேன். “சேர், இது என்ன பாஷை?” என்று மறுமொழி வந்தது. என் கைத்தொலைபேசியில் அதனைத் திறந்து பார்த்தபோது, ‘தமிழ்’ என்று நான் எழுதிய இடந்தோறும் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன!

காரணம் இதுதான். அக்காலத்தில் நம்மவர் பலரும் பாமினி என்னும் எழுத்துருவையே கையாண்டோம். அதிலே நாம் தகரத்தை எழுதுவதாக எண்ணினாலும், இயந்திரம் தன் நினைவிற் பதித்துக்கொள்வது ஆங்கில எழுத்தையே. எழுத்துரு அதன்மேல் ஒரு தமிழ் முகமூடியை இடுகின்றது. எழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்று விழும். உள்ளிருந்த ஆங்கிலம் வெளிப்படும். ஒருங்குறி எனப்படும் யூனிக்கோடோ உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வகுத்த முறையாகும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தகரத்துக்கு 2980, மகரத்துக்கு 2990, ழகரத்துக்கு 2996. மூதூரிலும் சரி, மொன்றியலிலும் சரி, இவ்வெண்கள் மாறா. இதுவே நாம் வேண்டிய பொதுக்கொடி.

நல்வினைப் பயனாக, பழைய எழுத்துருவை ஒருங்குறியாக மாற்றித் தரும் எழுத்துமாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. சில நிமிடங்களில் அப்பெரியவரின் குரல் மீண்டும் தமிழாயிற்று. அவர் மகளார் இரவிரவாகப் படித்ததாக எழுதினார். கேட்பார் இன்றிப் பழுதாகிப்போகும் மேசைக்கணினிகளில் இவ்வாறு எத்தனை பெரியோரின் சொற்கள் முகமூடியோடே மாண்டு போகின்றனவோ என்ற கவலை அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை.

நிற்க. கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுதல் அரிது என்பார் உளர். அது பழங்கதை. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப்பொறி ஆக்கித் தந்தது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் அவர்களின் ‘செல்லினம்’ என்னும் செயலி 2005 ஆம் ஆண்டிலே சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. 2013 முதல் ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை உடன் வருகின்றது. கூகுளின் விசைப்பலகைச் செயலியிலும் தமிழ் உண்டு. கருவியிற் குறையில்லை, குறை நம் பழக்கத்திலேதான்.

எம் மாணாக்கருட் பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே எழுதுகின்றனர். அவசரச் செய்திக்கு அது போதும் என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் ஒரே ஆங்கில எழுத்துக்கோவையை இடும் பிள்ளை, லகர ளகர வேறுபாட்டை இயந்திரத்தின் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றான். பின்னர்ப் பரீட்சைத் தாளில் ஊகித்துக் கொடுக்க யார் உளர்? 1999 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையோ நமது இலக்கணத்தின் வழியே நடப்பது. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள்; புள்ளி தானாகவே விழும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாதலை வகுப்பிற் கரும்பலகையிற் காட்டுவதினும் இதிற் காட்டுதல் எளிதென்பது என் அநுபவம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியும் முதியோர்க்கு நல்ல துணையே. ஆனால் அது தரும் ணகர னகரங்களைத் திரும்பப் படித்துத் திருத்தாமல் அனுப்புதல் தகாது.

தேடுதலிலும் இதே உண்மை பொருந்தும். நம் ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் இயற்றிய ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவல் 1895 இல் வெளிவந்தது. அப்பெயரை ஆங்கில எழுத்திலே தேடின், ககரத்துக்கு எவ்வெழுத்து, நெடிலுக்கு எத்தனை எழுத்து என்னும் ஐயத்தால் மூன்று நான்கு வடிவம் எழும். ஒன்றிற் கிடைப்பது மற்றொன்றிற் கிடையாது. தமிழிலோ ஒரே வடிவம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகமும் தமிழில் தேடுவோர்க்குக் கதவு திறந்து வைத்துள்ளன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நாம், ஈழத்து ஏடுகளை இணையத்திற் சேர்த்து வைக்கும் பணியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அங்குள்ள பழைய ஏடுகள் பல பக்கங்களின் படங்களே. கண்ணாற் படிக்கலாம், உள்ளே ஒரு சொல்லைத் தேடிக் காண்டல் கடினம். பழையவற்றுக்கு வேறு வழியில்லை. இன்று நாம் புதிதாய் எழுதுவதையும் படமாக்கி விடுவதற்கு என்ன நியாயம்?

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, இம்மலர் அச்சேறுவதோடு அமையாது, ஒருங்குறி வடிவிலும் பேணப்பட்டு, அதன் படியொன்று ‘நூலக’த்துக்கு வழங்கப்படுக. இரண்டாவது, அன்பர்கள் தத்தம் வீடுகளிலுள்ள பழைய கோப்புகளை எழுத்துமாற்றியிலிட்டு மீட்க. தாளிலுள்ளவற்றைப் படமெடுத்து, எழுத்துணரியால் எழுத்தாக்கி, தமிழறிந்த ஒருவர் கண்ணாலே சரிபார்க்க. மூன்றாவது, உயர்வகுப்பு மாணாக்கர்க்கு வாரம் ஒரு பாடவேளையேனும் தமிழ்99 பழக்கச் சங்கம் துணை நிற்க. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஊக்கம் ஒன்றே வேண்டும்.

கைத்தொலைபேசி தமிழைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியராகிய நாம் குறைகூறுதல் எளிது. நாம் எழுதாத தமிழை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை தன் பாட்டனாரின் பெயரை இம்மலரில் தேடுமாயின், அப்பெயர் தமிழிலேயே அதன் கண்ணிற் படுவதாக.