கருணைத் தொகை வேண்டாம், நஷ்டஈடு வேண்டும்!

அடுத்த வீட்டுக்காரனுடைய மாடு கட்டவிழ்த்துக்கொண்டு வந்து சோளக்காட்டில் விழுந்துவிட்டால், அந்தக் காலத்துக் குடியானவன் என்ன செய்தான்? மாட்டைப் பிடித்தான். பவுண்டில் கொண்டுபோய் அடைத்தான். மாட்டுக்காரன் ஓடிவந்து, தண்டம் கட்டி, தலைகுனிந்து மீட்டுப் போனான். இது வெறும் ஊர் வழக்கமல்ல. 1871ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம். பயிர் போட்டவன் தன் வயலில் விழுந்த மாட்டைப் பிடிக்கலாம் என்பதை அந்நிய ஆட்சிகூட ஒப்புக்கொண்டது.

அதே சோளக்காட்டில் யானை இறங்கினால்? காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டால்? பிடிக்க முடியாது, அடிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. யானையைக் கொன்றவனுக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தோடு நமக்குச் சண்டை இல்லை. தந்தத்துக்காக யானையையும், தோலுக்காகப் புலியையும் கொன்று குவித்த கூட்டத்தை அடக்க வந்த சட்டம் அது; அது இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. கையைக் கட்டிப்போட்ட சர்க்கார், கட்டிப்போட்ட கைக்குச் சொந்தக்காரன் இழந்ததைக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

அந்தச் சட்டத்தின் 39ஆவது பிரிவைத் தோழர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கும், செத்துக் கிடக்கிற காட்டு விலங்கும் மாநில சர்க்காரின் சொத்து என்கிறது அது. வயலோரத்தில் ஒரு யானை செத்து விழுந்தால், அதன் தந்தத்தில் ஒரு துண்டைக்கூட எவனும் தொட முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறோம். செத்த யானைக்குச் சொந்தம் கொண்டாடுகிற சர்க்கார், உயிருள்ள யானை தின்ற பயிருக்கு மட்டும் ‘எனக்கென்ன?’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

ஒரு வாழைக்கு 28 ரூபாய்

‘கொடுக்கத்தான் கொடுக்கிறோமே’ என்பார்கள் உத்தியோகஸ்தர்கள். என்ன கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 25,000 ரூபாய், அதற்கு மேல் இல்லை என்பதே தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடைமுறையில் இருந்துவந்த உச்சவரம்பு. ஒரு ஏக்கரில் சுமார் 900 வாழை நிற்கும். ஒரே இரவில் யானைக் கூட்டம் அத்தனையையும் சாய்த்துவிட்டால், உச்சவரம்பு முழுவதும் கிடைத்தாலும் ஒரு வாழைக்கு 28 ரூபாய்! கன்று வாங்கி, குழி வெட்டி, உரம் வைத்து, முட்டுக் கொடுத்து, பத்து மாதம் தண்ணீர் கட்டியவனுக்குச் சர்க்கார் போடும் மதிப்பு அவ்வளவுதான்.

தாளவாடியிலும் தேன்கனிக்கோட்டையிலும் ராகி போடுகிற குடியானவனின் கணக்கைப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு ராகிக்கு மத்திய சர்க்காரே நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஏக்கருக்கு 8 குவிண்டால் என்று குறைத்துப் போட்டாலும் 39,088 ரூபாய். அதோடு முடிந்ததா? கதிர் பிடித்த நாள் முதல் அறுப்பு வரை அவன் வீட்டில் படுப்பதில்லை. பரணில் ஏறி, தகரம் தட்டி, பந்தம் பிடித்து, பனியில் விடிய விடியக் காவல் இருக்கிறான். 40 இரவு என்று வையுங்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்துக்குச் சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியைப் போட்டால் 13,440 ரூபாய். விளைச்சலும் காவலும் சேர்ந்து 52,528 ரூபாய். அதில் பாதிகூட இல்லை 25,000!

அந்தக் காசும் எப்படி வருகிறது? மனு எழுத வேண்டும். காட்டிலாகா ஊழியர் வந்து பார்க்க வேண்டும். வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும். வேளாண்மை இலாகாவோ தோட்டக்கலை இலாகாவோ மதிப்புப் போட வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், போட்டோ, பாங்குப் புத்தகம். இத்தனைக்கும் நடையாய் நடக்க வேண்டும். இதற்குச் சர்க்கார் வைத்திருக்கிற பெயர்தான் எல்லாவற்றையும் விட நம்மைச் சுடுகிறது: ‘கருணைத் தொகை’. கருணை என்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் கேட்க முடியாது என்று பொருள். ரயிலுக்கு நிலம் எடுத்தால் நஷ்டஈடு. ஆலையில் கை போனால் நஷ்டஈடு. சர்க்கார் காக்கும் விலங்கு பயிரைத் தின்றால் மட்டும் கருணையா?

பட்டா இல்லாதவன் பாடு

பட்டா கையில் உள்ளவன் பாடே இப்படி. குத்தகைக்காரன் பாடு என்ன? மலையடிவாரத்தில் வாய்ப் பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்கள் ஏராளம். 1969ஆம் ஆண்டிலேயே குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால், பதிந்தால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற பயம் குத்தகைக்காரனின் வாயை அடைத்திருக்கிறது. பயிர் போட்டவன் அவன். கடன் பட்டவன் அவன். பரணில் விழித்தவன் அவன். காசு மட்டும் பட்டாதாரன் பெயருக்குப் போகிறது.

களை எடுக்கவும் அறுக்கவும் போகிற கூலித் தொழிலாளி? யானை தின்ற வயலில் அறுப்பு இல்லை. அறுப்பு இல்லையேல் கூலியும் இல்லை. அவன் இழந்த வேலைநாளுக்கு எந்தப் பாரத்திலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆலைத் தோழர்களே, கோவையிலும் ஓசூரிலும் உங்களோடு மெஷினில் நிற்கிறவர்களில் எத்தனை பேர், ஊரில் பயிர் தேறாததால் வேலை தேடி வந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இது கிராமத்தான் பிரச்னை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம்.

காட்டைக் கெடுத்தது யார்?

‘காட்டை ஆக்கிரமித்தார்கள், அதனால் யானை வருகிறது’ என்று பட்டணத்துப் பெரிய மனிதர்கள் உபதேசம் செய்கிறார்கள். யார் ஆக்கிரமித்தது? 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டத்தால் காடு முழுவதையும் தன் வசமாக்கிக்கொண்டான் வெள்ளைக்காரன். மலைச்சரிவுகளைத் தேயிலை முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்குக் கூழ் வேண்டும் என்று நீலகிரியின் புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டசும் நட்டது குடியானவனா? அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் புல் முளைக்க இடமில்லாமல் பரவிக் கிடக்கிறது. நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டிய விலங்கு, தின்ன முடியாத செடிக்குள் எத்தனை நாள் நிற்கும்?

சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்து நின்றவை உல்லாச விடுதிகள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2020இல் உச்சநீதிமன்றமும் வழித்தடத்துக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பள்ளமாக்கிய செங்கல் சூளைகள் நூற்றுக்கும் மேல் 2021இல் மூடப்பட்டன. லாபம் அவர்களுக்கு, தடம் மாறிய யானை மட்டும் அரை ஏக்கர் வாழைக்காரனுக்கா?

மின்வேலி வழியல்ல

ஆத்திரத்தில் சிலர் கள்ளத்தனமாக வயலைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. விவசாயி சிறைக்குப் போனார். பயிரும் மிஞ்சவில்லை, யானையும் மிஞ்சவில்லை, மனிதனும் மிஞ்சவில்லை. அந்தக் கம்பியில் நம் ஊர்ப் பிள்ளைகளும் மாடுகளும் சிக்கிச் சாகக்கூடும். தோழர்கள் இதை எங்கு கண்டாலும் தடுக்க வேண்டும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டிலாகாவே சுடலாம். இதன் பொருள் என்ன? காட்டை ஒட்டியிருக்கிறவனுக்கு, அதாவது அதிகமாக அடிபடுகிறவனுக்கு, நஷ்டஈட்டைத் தவிர வேறு வழியே இல்லை என்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியானால் அந்த நஷ்டஈடாவது முழுசாக இருக்க வேண்டாமா?

மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் இன்னொரு வழி காட்டியது. 2026 காரிப் பருவம் முதல் வனவிலங்குச் சேதமும் பயிர் இன்சூரன்சில் சேருமாம். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்று மாநில சர்க்கார் அறிவிக்க வேண்டும். விவசாயி 72 மணி நேரத்துக்குள் கைபேசிச் செயலியில், இடம் பதிந்த படத்தோடு, புகார் ஏற்ற வேண்டும். கிடைப்பதை விட வேண்டாம், பதிந்துகொள்வோம். ஆனால் ஏமாற வேண்டாம். அந்தத் திட்டத்தில் வாழை போன்ற தோட்டப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரிமியம் காப்பீட்டுத் தொகையில் 5 சதவிகிதம் வரை. சர்க்கார் காக்கும் விலங்குக்காக, குடியானவன் தன் கைக்காசைக் கட்டிக் காப்புத் தேட வேண்டுமாம்! இது நஷ்டஈட்டுக்குத் துணையாக வரலாம். அதன் இடத்தில் வந்து உட்காரக் கூடாது.

நாம் கேட்பது

சேதம் மதிப்பிட்ட 30 நாளில் பணம் வர வேண்டும், தாமதித்தால் வட்டி. உச்சவரம்பு ஒழிந்து, சாகுபடிச் செலவும் ஆதரவு விலையும் பார்த்து ஆண்டுதோறும் தொகை மாற வேண்டும். பட்டாவைப் பாராமல் பயிரிட்டவனுக்குப் பணம். கிராமசபை சாட்சி சொன்னால் போதும். வேலை இழந்த கூலிக்காரனுக்கு நாட்கூலி. கருணை என்ற சொல் நீங்கிச் சட்ட உரிமை என்று எழுதப்பட வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். சுரங்கத்துக்கும் சாலைக்கும் காட்டை எடுத்துக்கொள்கிறவர்களிடம் வசூலிக்கும் பணத்துக்கு 2016இல் தனிச் சட்டமே வந்தது. காடு அழிந்ததற்கு வந்த பணத்தில் ஒரு பங்கு, காடு அழிந்ததால் அடிபட்டவனுக்கு வரட்டும்! மனித உயிர்ப் பலிக்கான தொகையை மத்திய சர்க்கார் 2018இல் 2 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கியது. 2023 டிசம்பரில் 10 லட்சமாக்கியது. மனம் வைத்தால் ஏற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கேட்டால் மட்டும் போதாது, தோழர்களே. 2015 முதல் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு இலவசத் தொலைபேசி எண் வைத்து, கூப்பிட்ட குடியானவனின் வயலுக்கே போய் மனு தயாரித்துக் கொடுக்கிறது. தொண்டு அமைப்பால் முடிந்தது, கிளைதோறும் ஆள் உள்ள நம்மால் முடியாதா? மலையடிவாரக் கிளை ஒவ்வொன்றிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பேற்கட்டும். சேதமான அன்றே படம் எடுங்கள், மனு எழுதுங்கள், ரசீது வாங்குங்கள், நோட்டில் தேதி போட்டுக் குறியுங்கள். கொடுத்த மனு எத்தனை, வந்த பணம் எத்தனை, கிடப்பில் உள்ளது எத்தனை என்று மாதம்தோறும் காட்டிலாகா ஆபீசின் முன்னால் படித்துக் காட்டுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் சொல்லாமல் எந்த மந்திரியும் தப்ப முடியாது.

காடு வாழ வேண்டும். யானை வாழ வேண்டும். அந்தப் பாரத்தை நாடு முழுவதும் சேர்ந்து சுமக்கட்டும். ராகிக் கொல்லைக்காரன் ஒருவன் தலையில் மட்டும் அதை ஏற்றாதீர்கள்!