பார்வைக்கும் ஒரு வாசற்படி

கீழக்கரையிலிருந்து என் தாய்மாமா சென்ற ஆண்டு சென்னைக்கு வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். தியாகராய நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் தம் மகளைக் காண, மாம்பலம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கையில் தொதல் பொட்டலத்துடன் வாயிலில் போய் நின்றார். காவலர் அவரிடம் பெயரைக் கேட்கவில்லை. செல்போனுக்கு வந்திருக்கும் எண்ணைக் கேட்டார். மாமாவிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய போன். உள்ளேயிருந்து மகள் தம் செல்போனில் ‘சரி’ என்று அழுத்தினாலன்றிக் கதவு திறவாது. மகளோ அஸர் தொழுகையில் இருந்தார். போன் வேறு அறையில். அரை மணி நேரம் மாமா மதிற்சுவரைப் பிடித்தபடி நின்றார். உட்கார ஓர் இடமில்லை.

காவலர் மீது குற்றமில்லை. அவர் தமக்கு இட்ட கட்டளையைச் செய்தார். ஆனால் மாமா என்னிடம் கேட்ட கேள்வி இன்னமும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை: “ஏம்ப்பா, இவ்வளவு பெரிய கட்டடம் கட்டினவங்க, வர்றவன் உட்கார ஒரு திண்ணை கட்ட மாட்டாங்களா?”

திண்ணை என்பது வெறும் மேடையன்று. வீதிக்கும் வீட்டுக்கும் நடுவே, இரண்டிற்கும் சொந்தமான இடம் அது. வந்தவரை அமர வைத்து, இன்னாரென்று அறிந்து, அதன்பின் உள்ளே அழைப்பதற்கு நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. மயிலாப்பூரின் பழைய மாட வீதி வீடுகளில் அது இருந்தது; நம் கடற்கரை ஊர்களின் வீடுகளிலும் இருந்தது. 1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் திருத்தித் தியாகராய நகரை அமைத்தபோது திண்ணையின் இடத்திற்குத் தோட்டமும் போர்ட்டிகோவும் வந்தன. பின்னர் அந்தத் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது போர்ட்டிகோவும் போய், கார் நிறுத்துமிடமும் காவலர் கூண்டும் மிஞ்சின. இப்போது அந்தக் கூண்டின் வேலையையும் செல்போன் செயலி எடுத்துக்கொண்டது. கட்டடக் கலைஞர் வரைபடத்தில் செய்ய வேண்டியதை, எங்கோ ஒரு நிறுவனம் எழுதிய நிரல் செய்கிறது. வாசல் இருக்கிறது, வாசற்படி இல்லை.

இன்னொரு நிகழ்ச்சி. என்னிடம் ஓதவரும் சிறுவன் ஒருவனின் வீடு மந்தைவெளியில் ஒரு சந்தில் உள்ளது. சென்ற மாரிக்காலத்தில் அவர்கள் வீட்டிற்குச் சென்றபோது நண்பகலிலும் விளக்கு எரிந்தது. சன்னல்கள் அனைத்தும் சாத்தி, தடித்த திரை தொங்கியது. காரணம் கேட்டேன். எதிர்வீட்டார் தம் வாயிலில் புதிதாக ஒரு கேமரா பொருத்தியிருந்தார். அதன் கண் இவர்கள் கூடத்தை நேரே நோக்கியது. “எட்டு மாசமா சன்னலைத் திறக்கல உஸ்தாத்” என்றார் சிறுவனின் தாயார். காற்றும் வெளிச்சமும் வரவேண்டிய வழியை அடைத்துவிட்டு, ஏ.சி.க்கு மின் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு கருவி ஒரு செங்கல்லையும் பெயர்க்காமல் அடுத்த வீட்டின் அமைப்பையே மாற்றிவிட்டது!

காயல்பட்டினத்தில் பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ எனும் சந்துகளை விட்டுக் கட்டினார்கள். எவர் பார்வை எங்கே படும் என்பதைச் சுவர் எழுப்புமுன்னரே எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லக் கதவிலிருந்த துளை வழியே ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். அனுமதி கேட்கும் முறை ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று அவருக்கு அப்போது உணர்த்தப்பட்டது. ஸலாம் சொல்லிக் காத்து நிற்பவர்கள் நாம். நம் வாயிலில் நாம் மாட்டும் கருவியோ எவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

கேமராவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பட்டப்பகலில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் ஒரு கேமராவும் இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் பதிவான காட்சிகளையே காவல்துறை நாட வேண்டியிருந்தது. அதன் பின்னர் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் நகரெங்கும் கேமராக்கள் பெருகின. உலக நகரங்களைச் சதுர மைல் கணக்கில் ஒப்பிட்டு 2021இல் வெளியான பட்டியலொன்றில் தில்லி முதலிடமும், லண்டன் இரண்டாமிடமும், 610 கேமராக்களுடன் சென்னை மூன்றாமிடமும் பெற்றன. நகை பறிகொடுத்த பெண்ணிடம் போய் இவையெல்லாம் வீண் என்று சொல்ல எனக்கு நாவெழாது.

ஆனால் வீதியைக் காப்பது வேறு, எதிர்வீட்டுக் கூடத்தைப் பார்ப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். வீட்டின் குடியிருப்புப் பகுதியில், உடன் வசிப்போரின் இசைவின்றிக் கேமரா பொருத்தக் கூடாதெனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியதை 2025இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 2021இல் ஒரு வழக்கு: அண்டைவீட்டார் பொருத்திய அழைப்புமணிக் கேமரா தம் பேச்சையும் பதிவு செய்கிறதென ஒரு பெண்மணி முறையிட்டார்; நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஒலிவாங்கியும் உண்டு என்பதை வாங்குவோரில் எத்தனை பேர் அறிவர்? நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்திற்காகச் செய்யும் பதிவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே சந்துக்குள் எழும் பூசலுக்கு அச்சட்டத்தை நம்பிப் பயனில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பேச வேண்டியதுதான்.

அப்படியே சிறுவனின் தந்தையும் நானும் சென்றோம். எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நல்ல மனிதர். காபி கொடுத்து, செல்போனில் காட்சியைத் திறந்து காட்டினார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம், அவ்வளவு தெளிவு! அவர் முகம் வெளுத்துவிட்டது. பொருத்த வந்த பையன், “சார், ஃபுல்லா கவர் ஆகணுமா?” என்று கேட்டானாம், இவரும் “ஆகட்டும்” என்றாராம். மறுநாளே அதைத் தாழ்த்தித் தம் கேட்டை மட்டும் நோக்குமாறு திருப்பினார். காட்சியின் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்துவிடும் வசதியும் அதே செயலிக்குள் இருந்திருக்கிறது. எட்டு மாதமாக அதை எவரும் தொடவில்லை.

வீடு கட்டுவோரும், பிளாட் வாங்குவோரும் மின்கம்பி இழுக்கும் நாளிலேயே, எந்தக் கண் எதை நோக்கும் என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். பொருத்தி முடித்ததும் செல்போனை எதிர்வீட்டாரிடமே கொடுத்து, “உங்கள் வீடு தெரிகிறதா, பாருங்கள்” என்று கேட்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

தியாகராய நகர்க் குடியிருப்பில்தான் விஷயம் இன்னும் தீரவில்லை. செல்போன் இல்லாத விருந்தாளிகளுக்கு என்ன வழி என்று என் மாமன் மகள் சங்கக் கூட்டத்தில் இருமுறை கேட்டுவிட்டார். “பரிசீலிக்கிறோம்” என்றார்கள். வாயிலருகே ஒரு சிமெண்ட் பெஞ்சு போடலாம் என்றதற்கு, கார் திரும்ப இடம் போதாது என்றார்களாம். காவலர் மட்டும் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருக்கிறார்.