மாட்டுக்குப் பல்லைப் பார்த்தோம், பெட்டிக்கு எதைப் பார்க்கறது?

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, இப்போ களத்துல காஞ்சுக்கிட்டு இருக்கு. பகல்ல கிளறி விடறது, ராத்திரி காவலுக்குக் களத்துலயே கட்டில் போட்டுப் படுக்கறது, இதுதான் இந்தப் பதினஞ்சு நாள் வேலை. அதனால எழுதக் கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு. இந்தத் தடவை மஞ்சளைப் பத்தி இல்லைங்க, ஒரு பழைய இசைப் பெட்டியைப் பத்தி. விவசாயிக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல எது வாங்கினாலும் கடைசியில ஒரே கணக்கு நோட்டுலதான் வந்து நிக்கும்.

என் அக்கா மகன் பகல்ல விசைத்தறி ஓட்டறான். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் ஊர் ஊரா மாரியம்மன் பண்டிகை நடக்குமே, அப்போ ராத்திரியில ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசிக்கப் போவான். போன மாசம் வந்து திண்ணையில உட்கார்ந்தான். காபியைக் கையிலயே வெச்சிருந்தான், குடிக்கல.

"மாமா, கோயமுத்தூர்ல ஒருத்தர் ஜேவி-1080 குடுக்கறாருங்க. 22,000 சொல்றாரு. மஞ்சள் காசு வந்ததும் குடுங்க மாமா, ரெண்டு சீசன்ல திருப்பிடறேன்."

அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குள்ள என்னமோ பண்ணுச்சு. காரணம் பின்னாடி சொல்றேன். முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன்.

ஒரு கீபோர்டுல ரெண்டு வேலை நடக்குது. விரலால அழுத்தறது ஒண்ணு, சத்தம் உண்டாக்கறது ஒண்ணு. இதுல கட்டைகளை எல்லாம் எடுத்துட்டு, சத்தம் உண்டாக்கற பாகத்தை மட்டும் ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சா அதுதான் சவுண்டு மாட்யூல். கீபோர்டுல இருந்து மிடி ஒயர் ஒண்ணு இதுக்குப் போகும். 1983ல வந்த ஏற்பாடு அது, இன்னும் புழக்கத்துல இருக்கு. அந்த ஒயர்ல சத்தம் போகாது, உத்தரவுதான் போகும். எந்தக் கட்டையை அழுத்தினாங்க, எவ்வளவு வேகமா அழுத்தினாங்க, எப்போ விட்டாங்க, இந்த மாதிரி. ஒரே ஒயர்ல 16 பேருக்குத் தனித்தனியா உத்தரவு சொல்லலாம். மஞ்சக்காட்டு வரப்புல நின்னு மேஸ்திரி ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டு வேலை சொல்ற மாதிரி. புல்லாங்குழல்காரருக்கு ஒண்ணு, வயலின்காரங்களுக்கு ஒண்ணு, டிரம்ஸுக்கு ஒண்ணு. எல்லாரும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்காங்க.

ஜேவி-1080 ரோலண்டு கம்பெனி 1994ல வெளியிட்டது. 16 வாத்தியம் ஒரே நேரத்துல வாசிக்கும். 64 குரல்னு போட்டிருப்பாங்க. ஆனா ஒரு கனமான சத்தத்துக்கு நாலு குரல் வரைக்கும் செலவாகும். அப்போ 64 குரல் 16 சுரமாக் குறைஞ்சிடும். பெடலை அழுத்திக்கிட்டு ரெண்டு கையிலயும் வாசிச்சா முதல்ல அடிச்ச சுரம் பாதியில அறுந்துபோகும். உள்ள இருக்கற மொத்த ஒலிப் பதிவும் 8 மெகாபைட்டுதான். என் பொண்ணு வாட்ஸ்அப்புல கன்னுக்குட்டி துள்ளற வீடியோ அனுப்பறாளே, அது இதை விடப் பெருசு. அந்த 8 மெகாபைட்டை வெச்சுக்கிட்டு வயலின் கூட்டத்தையும் குழலையும் பெரிய மணியையும் காட்டின ஆளுங்களைக் கும்பிடலாம்ங்க.

இப்போ என் கதை. 1992ல ரோஜா படம் வந்ததுக்கு அப்புறம் எங்க பக்கம் பண்டிகையில ஆர்கெஸ்ட்ராவைப் பார்க்கற பார்வையே மாறிப்போச்சு. அதுக்கு முன்னால பாடறவங்களைத்தான் பார்ப்போம். அப்புறம் கீபோர்டுகாரரைப் பார்க்க ஆரம்பிச்சோம். நானும் ஒரு சின்னக் கீபோர்டு வாங்கி அஞ்சாறு வருசம் உள்ளூர்க் குழுவுல வாசிச்சேன். ஒரு பண்டிகைக்கு ஈரோட்டுல இருந்து பெரிய குழு வந்திருந்தது. அவங்க கீபோர்டுக்குக் கீழே கறுப்பா ஒரு பெட்டி, சின்னத் திரை வெளிச்சத்தோட. "அண்ணா, இது என்னங்க?"ன்னு கேட்டேன். "அதுலதான் தம்பி எல்லாமே இருக்குது"ன்னார். கம்பத்தைச் சுத்தி ஆடின கூட்டம் ஓய்ஞ்சு, அவர் அந்தப் பெட்டியில இருந்து ஒரு குழல் சத்தம் எடுத்தார் பாருங்க, எனக்கு இன்னைக்கும் காதுல இருக்கு. அந்தப் பெட்டிதான் இந்த ஜேவி-1080.

2003 வறட்சியில கிணறு வத்திப் போர் போட வேண்டி வந்தப்போ என் கீபோர்டை வித்துட்டேன். அதுக்கப்புறம் தொடல.

அதனால பையன் கேட்டதும் "சரி வாங்கிக்கலாம்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் மாட்டுத் தாவணியில வளர்ந்தவன். எங்க ஐயன் என்னைச் சின்ன வயசுலயே அந்தியூர்ச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவார். அங்க துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடிச்சுத்தான் வெலை பேசுவாங்க. துண்டுக்குள்ள கை போறதுக்கு முன்னால ஐயன் ரெண்டு வேலை செய்வார். மாட்டோட வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். அப்புறம் தன்னைத்தானே கேட்டுக்குவார்: "இது எனக்கு எந்த வேலைக்கு?"

அதையே பையன்கிட்டக் கேட்டேன். "அப்புனு, ஒரு புரோகிராமுக்கு உனக்கு எவ்வளவு குடுக்கறாங்க?"

"1,200 மாமா."

"இந்தப் பெட்டியோட போனா 1,500 குடுப்பாங்களா?"

கொஞ்ச நேரம் பேசல. "குடுக்க மாட்டாங்க மாமா. ஆனா நல்லா இருக்கும்."

"ஒரு சீசன்ல கூடுதலா நாலு ஊர் கிடைக்குமா?"

"கிடைக்காது மாமா."

அப்போ இது தொழிலுக்கு இல்லை. இதைச் சொன்னதும் பையனுக்கு முகம் வாடிப்போச்சு. சாப்பிடாமப் போயிட்டான். ராத்திரி அக்கா போன் பண்ணி, "தம்பி, பையன் ஒரு மாதிரியா இருக்கறான், என்ன சொன்னே?"ன்னு கேட்டுச்சு.

நான் சொன்னதுல இன்னொரு பாதியும் இருக்குதுங்க. முப்பது வருசம் ஆன எந்தப் பெட்டிக்கும் வயசோட சில வியாதி வரும். உள்ள இருக்கற கெப்பாசிட்டர் காய்ஞ்சுபோகும். திரை வெளிச்சம் மங்கும். விரல் பட்டுப் பட்டு திருகற குமிழ் தேயும், ஒண்ணு திருப்பினா மூணு தாவும். ஊர்ப் பண்டிகையில ராத்திரி பதினொரு மணிக்கு, பாட்டு நடுவுல அது நின்னுபோனா, கூட்டம் கெப்பாசிட்டருக்கு என்ன வயசுன்னு கேட்காது. மாத்துப் பெட்டி கிடையாது. மேடை வேலைக்கு ஒத்தை மாட்டை நம்பி ஏர் பூட்ட முடியாது. அதே ரோலண்டு கம்பெனி இந்த ஜேவி-1080ஐக் கம்ப்யூட்டர்ல ஓடற மென்பொருளாவும் குடுக்கறாங்க. பையன்கிட்ட லேப்டாப் இருக்குது. மேடைக்கு அதுவே போதும், அதுல கோளாறு வந்தா இன்னொரு லேப்டாப்புல ஏத்திக்கலாம்.

இருந்தாலும் ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிக்கிட்டுக் கோயமுத்தூர் போனேன். பையனுக்காகத்தான் போறேன்னு வீட்டுல சொன்னேன். பாதி உண்மை.

விக்கறவர் என் வயசு. வீட்டுல சின்னதா ரெக்கார்டிங் அறை வெச்சிருந்தவர், அதை மூடிக்கிட்டு இருக்கார். பெட்டிக்குப் பல்லைப் பார்த்த முறையைச் சொல்றேன், வாங்க நினைக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல பின்னாடி இருக்கற பட்டியைப் படிச்சோம். ஜப்பானுக்குன்னு செஞ்ச பெட்டின்னா 100 வோல்ட்டு இருக்கும். நம்ம 230ல நேரா சொருகினா கருகிடும், தனியா டிரான்ஸ்பார்மர் வேணும். இது 230ங்கறதைப் பார்த்துக்கிட்டோம். அப்புறம் போட்ட உடனே கேட்காம, ஒரு மணி நேரம் ஓட விட்டு, சூடானதுக்கு அப்புறம் கேட்டோம். பின்னாடி ஆறு சத்தவாசல் இருக்கு. ஆறுலயும் மாத்தி மாத்தி ஒயரைச் சொருகி, கரகரப்பு, இரைச்சல் வருதான்னு பார்த்தோம். உள்ள கூடுதல் ஒலிப் பலகை சொருக நாலு இடம் உண்டு, அதுல எத்தனை நிரம்பி இருக்குன்னு கேட்கணும். வெலையில பாதி அதுலதான் இருக்கும். இதுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு.

போட்டதும் திரையில பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு எழுத்து வந்துச்சு. பையன் பயந்துட்டான். பயப்பட ஒண்ணும் இல்லைங்க. உள்ள சிஆர்2032னு ஒரு பொத்தான் பேட்டரி, கடையில கிடைக்கறதுதான். அது செத்தா, நாமா செஞ்சு சேர்த்து வெச்ச 128 ஒலிகள்தான் போகும். கம்பெனி போட்டு அனுப்பினது எல்லாம் அழியாம இருக்கும். புதுப் பேட்டரி போட்டு, நாம செய்யறதை மிடி ஒயர் வழியாக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டா தீர்ந்தது. திரை பாதி மங்கல். குமிழ் தாவுது. ஒவ்வொண்ணையும் சத்தமாச் சொல்லிச் சொல்லித்தான் வெலையை இறக்கினேன்.

அப்புறம் பையன் வாசிச்சான். அந்தக் குழல் சத்தம் வந்துச்சுங்க.

அப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இது வேணும்னு இருந்தது அவனுக்கு இல்லை, எனக்கு. அவனுக்கு நான் பண்ணின கணக்கு ரொம்பச் சரி. ஆனா எனக்கு நான் அந்தக் கணக்கையே போடல.

எங்க ஊர்ல கடன்ல மாட்டினவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். ரெண்டு ஏக்கர் வெச்சுக்கிட்டு டிராக்டர் வாங்கினவங்க, வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிச்சுக்கலாம்னு நோட்டுல எழுதினாங்க. உள்ளுக்குள்ள, வாசல்ல டிராக்டர் நிக்கணும்கற ஆசை. ஆசைப்படறது தப்பே இல்லை. அதைத் தொழில் செலவுன்னு எழுதினதுதான் தப்பு. தொழில்னு எழுதினா அது திருப்பித் தரும்னு நம்புவோம். அந்த நம்பிக்கையில கடன் வாங்குவோம். ஆசைன்னு எழுதினா, தொலைஞ்சாலும் பரவாயில்லைங்கற காசுதான் அதுக்குப் போகும்.

எங்க ஐயன் ஏர் உழ முடியாத ஒரு கிழட்டு மாட்டைக் கடைசி வரைக்கும் வெச்சிருந்தார். யாராவது கேட்டா, "இது வேலைக்கு இல்ல, நான் பார்க்கறதுக்கு"ன்னுடுவார். அதுக்குக் கடன் வாங்கித் தீவனம் போட்டதில்லை. நகரத்துல இருக்கற நீங்களும் யோசிச்சுப் பாருங்க. பழைய கேமரா, பழைய புல்லட்டு, பழைய கீபோர்டு, எதுவானாலும் சரி. "பழசு பழசுதான், அந்தக் காலத்துச் சத்தம் இப்போ வராது"ன்னு சொல்றதும், "இதெல்லாம் காயலான் கடைக்கு"ன்னு சொல்றதும் ரெண்டுமே சோம்பேறிப் பேச்சு. அது நாளைக்கு என்ன வேலை செய்யும், நின்னுபோனா யார் சரி பண்ணுவாங்க, போனா போகட்டும்னு விடற காசா. இந்த மூணுக்கும் பதில் இருந்தா வாங்குங்க. ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும், ஆசைன்னு ஒத்துக்கிட்டு, கையில இருக்கற காசுக்குள்ள வாங்குங்க. கடன் மட்டும் வேண்டாம்.

22,000 சொன்னவர் 16,500க்கு இறங்கினார். ரெண்டு ஆட்டுக்கெடா வித்த காசு கையில இருந்துச்சு. மஞ்சள் காசைத் தொடல. பையனுக்குக் கடனும் இல்லை. பெட்டி எங்க வீட்டுலதான் இருக்கும், மேடைக்குப் போகாது. தறி லீவு விடற நாள்ல அவன் வந்து வாசிக்கலாம், வீட்டுல உட்கார்ந்து பாட்டுப் பதிவு பண்ணலாம். மேடைக்கு லேப்டாப்பு. திரும்பி வர்ற வழியெல்லாம் பையன் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டுத்தான் வந்தான், கீழே வைக்கவே இல்லை.

வீட்டுக்காரம்மா வாசல்லயே நிறுத்திட்டாங்க. "ஏனுங், இது என்னுங்?"

"சத்தம் போடற பெட்டி."

"வீட்டுல ஏற்கெனவே நீங்க இருக்கறீங்களே, பத்தாதுங்களா?"

நோட்டை எடுத்து 16,500 எழுதி, பக்கத்துல 'ஆசை'ன்னு எழுதிக் காட்டினேன். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. மறுநாள் பார்த்தா அதுக்குக் கீழேயே அவங்க கையெழுத்துல இன்னொரு வரி இருந்துச்சு: 'ஆசை – கிரைண்டர், 6,000'.

மஞ்சள் வித்ததும் ரெண்டாவது வரியைப் பார்க்கணும்ங்க. அடுத்த பதிவு அதுக்கப்புறம்.