பிரசவத் துணையை வாசலில் நிறுத்தாதீர்கள்

கொரோனா காலத்தில் பிரசவ அறைக்குள் துணைக்கு யாரையும் விடாதது தவிர்க்க முடியாத முடிவு என்கிறார்கள். நியூயார்க் அதைப் பொய்யாக்கியது. 2020 மார்ச்சில், தொற்று வேகமாக ஏறிக்கொண்டிருந்தபோது, அங்கே சில பெரிய மருத்துவமனைகள் கணவரைக்கூட உள்ளே விட மறுத்தன. கர்ப்பிணிகள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே ஆளுநரின் ஆணை வந்தது: அறிகுறி இல்லாத ஒருவர் உடனிருக்கலாம். தொற்றுள்ள தாய்க்கும் விருப்பப்பட்ட துணை வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொன்னது.

தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் குறைகிறது. பெருந்தொற்றுக்கு முன்பே ஆய்வுகள் காட்டிய உண்மை இது. செவிலியர்கள் திணறிய நேரத்தில் அந்தக் கைகளையா வெளியே அனுப்புவது? பிரசவத் துணையைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த பெருந்தொற்றுக்கான விதிகளில் இதை இப்போதே எழுதுங்கள்.