கிடங்குச் சாவி யாரிடம்?



நமது கிளை அலுவலகங்களின் மூலையில் ஒரு கோணி மூட்டை கிடக்குமே, நினைவிருக்கிறதா? குடும்ப அட்டையின் நகல், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், மருத்துவமனைச் சீட்டு, இடிந்த சுவரின் நிழற்படம் — ஊரார் நம்மை நம்பித் தந்த தாள்களெல்லாம் அதற்குள்ளேதான். பாதியைக் கறையான் தின்னும். மீதியைக் கூரை ஒழுகி நனைக்கும். "என் மனு என்னாயிற்று, தம்பி?" என்று கேட்டு வந்த மூதாட்டியிடம், "தேடிக்கொண்டிருக்கிறோம், அம்மா, அடுத்த கிழமை வாருங்கள்" என்று கூசிக் குறுகிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இன்று அந்த மூட்டை மேகத்துக்குப் போய்விட்டது! மேகம் என்றதும் அண்ணாந்து பார்த்திட வேண்டாம். எங்கோ ஓரிடத்தில், குளிரூட்டிய கட்டடத்துக்குள், அல்லும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி வரிசைகளுக்கு வணிகர் சூட்டிய பெயர் அது. கட்டடம் அவர்களுடையது, நமக்கு அதிலே ஒரு மாடம்.

நடப்பதைப் பாருங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் அமைக்கிறார் நமது இளைஞர். கோப்பைப் பதிவேற்றச் சொல்லும் கேள்வி ஒன்றையும் சேர்க்கிறார். கடைக்கோடிச் சிற்றூரிலிருந்து ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார். அனுப்பியதும் அந்தப் படம், படிவத்தை அமைத்தவரின் கூகுள் டிரைவில், அப்படிவத்துக்கென்று தானே உருவான கோப்புறைக்குள் சென்று அமர்ந்துகொள்கிறது. பதில்களைத் தொகுக்கும் விரிதாளில், அனுப்பியவர் பெயருக்கு நேரே அந்தப் படத்தின் இணைப்பும் வந்து நிற்கிறது. எவரும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. பெயரெழுதி அடுக்க வேண்டியதில்லை. வேறு நிறுவனத்தாரின் படிவங்களையும் டிராப்பாக்ஸ் போன்ற கிடங்குகளோடு இணைத்துவிட்டால் இதே வேலை தானாக நடக்கும். நன்று, மிக நன்று! கறையானுக்கு இரையாகாத விண்ணப்பம் வேண்டாமென்று எவன் சொல்வான்?

ஆனால், "படிவத்தை அமைத்தவரின் டிரைவில்" என்றேனே, அந்தச் சொற்களருகே சற்று நில்லுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அப்போது நாங்கள் சிலர், துணிமணியும் பாடநூலும் வழங்குவதற்காக ஒரு படிவம் வைத்தோம். அமைத்தவர் ஆர்வமிக்க இளைஞர். தமது சொந்தக் கணக்கிலேயே அமைத்துவிட்டார். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட் இடம். அதுவும் அவருடைய மின்னஞ்சலுக்கும், அவர் தங்கையின் திருமணப் படங்களுக்கும் சேர்த்து! மூன்றாம் நாள் இடம் நிரம்பிற்று. படங்கள் ஏறவில்லை, அவருக்கு வரவேண்டிய அஞ்சலும் நின்றது. முகாமிலே இருந்த எங்களுக்கோ ஒன்றும் தெரியாது. "இன்றைக்கு விண்ணப்பம் குறைந்துவிட்டது, ஊர் தேறிவிட்டது போலும்" என்று பேசி மகிழ்ந்துகொண்டிருந்தோம்! அறியாமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? சில திங்கள் கழித்து அவர் வேலைக்காகக் கடல் கடந்து போனார். படிவமும் போயிற்று, கோப்புறையும் போயிற்று — நூற்றுக்கணக்கான குடும்பங்களின் தாள்கள், ஒரு தனி மனிதரின் சட்டைப் பைக்குள்ளே. அவர் நல்லவர், பிழைத்தோம். வேறொருவராக இருந்திருந்தால்?

இன்னொன்றும் உண்டு. கூகுள் கணக்குக்குள் நுழைந்தவர்தாம் அந்தப் படிவத்தில் கோப்பை ஏற்ற முடியும். கணக்கில்லாதவர், கடவுச்சொல் மறந்தவர், பேரனின் கைப்பேசியை நம்பியிருப்பவர் ஆகியோர் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான். யாருக்காகப் படிவம் வைத்தோமோ, அவர்களே வெளியே!

"ஏழைகளின் தாள்தானே, எவனுக்கு வேண்டும்?" என்பாருண்டு. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்காகப் பணியாற்றிய டீப் ரூட் அனலிட்டிக்ஸ் என்னும் நிறுவனம், ஏறத்தாழ 19 கோடியே 80 லட்சம் வாக்காளர்களின் விவரங்களை அமேசானின் மேகக்கிடங்கிலே பூட்டாமல் வைத்திருந்தது 2017 ஜூனில் அம்பலமாயிற்று. பெயர், பிறந்த நாள், முகவரி, தொலைபேசி எண், இன்ன பொருளில் இவர் இன்ன கருத்துடையவராக இருக்கக்கூடும் என்ற கணிப்பு — அத்தனையும் கடவுச்சொல் கேளாமலே கிடைத்தன. கள்வன் எவனும் கன்னம் வைக்கவில்லை, தோழர்களே. கதவே திறந்து கிடந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டு சொன்ன பிறகுதான் சாத்தினர்.

நம்மவர் செய்யும் பிழை இதனினும் எளியது. இணைப்பு கிடைத்தோர் எவரும் காணலாம் என்று கோப்புறையைத் திறந்துவிட்டு, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவிலே போட்டுவிடுகிறோம், "தோழர்கள் சரிபார்க்கவும்" என்ற குறிப்போடு! குழுவிலிருந்து அது எங்கெங்கு போயிற்று என்று யாரறிவார்? உள்ளே இருப்பதோ, கணவனை இழந்தவளின் வங்கிப் புத்தகம். நோயாளியின் மருத்துவக் குறிப்பு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிமனிதத் தரவுகளைக் காக்கச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆட்சியாளர் மக்களின் அந்தரங்கத்தில் கை வைத்தால் மேடையேறி முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். இறங்கி வரும்போது ஒருவர் மறித்து, "உங்கள் கிளையின் கோப்புறை யாருடைய கணக்கில் இருக்கிறது?" என்று கேட்டால், விடை இருக்கிறதா நம்மிடம்?

கிளையின் பெயரில் தனிக் கணக்கு வைத்திடுங்கள். சாவி செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கட்டும்; பொறுப்பு மாறும்போது, வரவு செலவு ஏட்டோடு கடவுச்சொல்லையும் மாற்றி ஒப்படையுங்கள். துணி கொடுப்பதற்கு ஆதார் எதற்கு? கேட்டே தீரவேண்டுமாயின், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் இருக்கிறது, அது போதும். படிவத்தோடு கூடவே, கிளை வாசலில் ஒரு மேசையும், எழுதிக்கொடுக்க ஓர் ஆளும் வையுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். தானாக வந்து சேரும் கோப்பு தானாகப் போய்விடாது! டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். வேறு நிறுவனத்தின் படிவமாயின், மூலம் அங்கேயும் நகல் இங்கேயுமாக இருக்கக்கூடும், இரண்டிடத்திலும் பாருங்கள்.

கடல் கடந்த அந்த இளைஞரோடு சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் பேசிக்கொண்டே, பழைய கோப்புறையை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழிக்கச் செய்தேன். இரண்டு மணி நேரமாயிற்று. நடுவிலே ஒரு படம்: மார்பளவு நீர்க்கறை படிந்த சுவர், அதன் முன்னே ஒரு சிறுமி, கையில் நனைந்து ஊதிப்போன கணக்குப் புத்தகம். புதிய புத்தகம் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வழங்கல் ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். சேர்ந்திருந்தது, கையெழுத்தும் இருந்தது. அதன் பிறகே, அதையும் அழித்துவிடச் சொன்னேன்.