கையொப்பம் யாருடையது? குற்றம் யாருடையது?

விமானம் ஒன்று வீழ்ந்ததும் முதலில் தேடப்படுவன பிரேதங்கள்; அடுத்துத் தேடப்படுவது ஒரு கையொப்பம். பழுதுபார்த்த பட்டறையில் எவனோ ஒருவன் “செய்து முடித்தேன்” என்று இட்ட கையொப்பம் அகப்பட்டுவிட்டால், பணிப்பாளர் சபைகள் ஆறுதலாக மூச்சு விடுகின்றன. சட்டத்தின் பெயரால் நடைபெறும் இவ்வேமாற்று வித்தையையே யாம் ஈண்டுக் கண்டிக்கின்றோம்.

1996 மே 11ஆம் நாள், மியாமியிலிருந்து அற்லாண்டாவுக்குப் புறப்பட்ட வல்யூஜெற் கம்பனியின் 592ஆம் இலக்க விமானம் சில நிமிடங்களில் தீப்பற்றிப் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. 110 பேர் மாண்டனர். தீ எங்கிருந்து வந்தது? அதே கம்பனியின் வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்ட, தவணை முடிந்த ஒட்சிசன் உருளைகளிலிருந்து வந்தது. ஆபத்து வேளையில் பயணிகளுக்குச் சுவாசக் காற்றுத் தரும் இவ்வுருளைகள், உள்ளிருக்கும் இரசாயனம் வினைப்படும்போது நெருப்பாய்க் கொதிப்பவை. தற்செயலாக அவை தூண்டப்படாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பிளாஸ்ரிக் மூடி இடப்படல் வேண்டும். இவ்வளவுதான் காரியம்.

வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த சேபர்ரெக் பட்டறையில் அம்மூடிகள் இருப்பில் இல்லை. ஆயினும் மூடிகள் இடப்பட்டதாகப் பணித்தாளில் கையொப்பம் விழுந்தது. ஐந்து அட்டைப்பெட்டிகளில் உருளைகளைப் போட்டு, வெறுமையானவை என்று சீட்டெழுதி அனுப்பினர். வல்யூஜெற்றின் ஆட்களே அவற்றை ஏற்று, ரயர்களோடு சரக்கறையில் அடுக்கினர். ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்ல அக்கம்பனிக்கு அனுமதியே இருக்கவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்க.

பொய்க் கையொப்பத்துக்கு யாம் வக்காலத்து வாங்கவில்லை. தம் முன்னிலையில் ஒப்பமிடாத ஒருவருக்காக உறுதி முடிக்கும் நொத்தாரிசைச் சட்டம் விடுமா? பட்டறைத் தொழிலாளிக்கும் அதுவே நியாயம். ஆனால், வண்டிக்காரனுக்குக் கடையாணி கொடாது, “பொழுது சாயுமுன் சந்தைக்குப் போய்ச் சேர், பிந்தினால் கூலியில் வெட்டு” என்று விரட்டிய முதலாளி, சில்லுக் கழன்றபின் “வண்டிக்காரனைப் பிடியுங்கள்” என்று கூவினால் எந்தக் கமக்காரன் ஒப்புவான்? மியாமியில் நடந்ததும் இதுவே. பிந்தும் விமானம் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 2,500 டொலரைப் பட்டறை இழக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சரத்து. மூடி வாங்கும் பணமும் நாள் குறிக்கும் அதிகாரமும் மேலே இருந்தன. பேனா மட்டுமே கீழே இருந்தது.

1997இல் விசாரணைச் சபை மூவரைச் சுட்டிற்று: பட்டறை, அதைக் கண்காணிக்கத் தவறிய விமானக் கம்பனி, சரக்கறையில் புகையறியும் கருவியும் தீயணைக்கும் வசதியும் வேண்டுமென விதிக்காத அரசின் விமானத்துறை. 1988இலேயே வேறொரு விமானத்தின் சரக்கறையில் தீப்பற்றியபின் இச்சீர்திருத்தம் கோரப்பட்டது. வரும் நன்மைக்குச் செலவு தகாது என்று அத்துறை தட்டிக் கழித்தது. 110 பேர் மாண்டபின், 1998இல், அதே விதி பிறந்தது. கணக்கு அப்போது தகுந்துவிட்டது போலும்!

ஆனால் குற்றவியல் மன்றுக்கு இழுக்கப்பட்டோர் யாவர்? 1999இல் பட்டறைக் கம்பனியும் அதன் ஆட்கள் மூவரும் மாத்திரமே. ஒருவர் தலைமறைவானார், இருவரை யூரிமார் விடுவித்தனர். கம்பனி ஒன்பது குற்றங்களுக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டது. 2001இல் மேன்முறையீட்டு மன்று எட்டைத் தள்ளிவிட்டது. எஞ்சியது ஊழியருக்குப் பயிற்சியளிக்கத் தவறிய குற்றம் ஒன்றே; அதற்குத் தண்டம் 5 இலட்சம் டொலர். வல்யூஜெற் மீது குற்றவியல் வழக்கே தொடரப்படவில்லை. 1997இல் அது வேறொரு கம்பனியை வாங்கி, அதன் பெயரைச் சூடிக்கொண்டு தொடர்ந்து பறந்தது.

சட்டத்தில் இடமில்லாமலா இப்படி நேர்ந்தது? இல்லை. பராமரிப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் விமானத்தின் தகுதிக்கு முதற் பொறுப்பு விமானக் கம்பனியினதே என்று அமெரிக்க விதி தெளிவாகக் கூறுகிறது. ஏட்டில் இருக்கும் அப்பொறுப்பு எதிரிக்கூண்டு வரையில் வருவதில்லை.

வழக்குகளைக் கண்டு அஞ்சினால் தொழிலாளர் தவறுகளை மறைப்பர், அதனால் ஆபத்துப் பெருகும் என்று விமானத்துறையார் வாதிப்பர். இது பாதி மெய். தன் தவறைத் தானே அறிவிப்பவனைக் காக்கத்தான் வேண்டும். அவனுக்கென விரித்த குடையின் கீழ் பணிப்பாளர்கள் வந்து ஒதுங்குவதையே யாம் ஒப்போம்.

வேலையைக் குத்தகைக்கு விடலாம். பொறுப்பைக் குத்தகைக்கு விட நீதிமன்றுகள் இடந்தரலாகாது. பணித்தாளில் தொழிலாளியின் கையொப்பத்தோடு, வேண்டிய உதிரிப்பாகம் இருப்பில் உண்டு என்று களஞ்சியப் பொறுப்பாளரும், குறித்த நாள் போதும் என்று முகாமையாளரும் கையொப்பமிடட்டும். அவை பொய்த்தால் அவர்களும் கூண்டில் ஏறட்டும். அன்று மியாமியில் அவ்விரு கையொப்பங்களும் கேட்கப்பட்டிருப்பின், மூடி இல்லை என்னும் செய்தி பெட்டி கட்டுமுன்னரே முகாமையாளரின் மேசைக்குப் போயிருக்கும்.